மூன்று பவுன் வரியும் லட்சம் டாலர் கட்டணமும்

பௌர்ணமி இரவில் கிரிவலம் செல்வோர் அருணாசலத்தின் மேற்புறத்தே அடி அண்ணாமலையில் சற்று நின்று, ஆதி அண்ணாமலையாரைத் தொழுது, பின்னர் குபேர லிங்கத்தை நோக்கி நடப்பது வழக்கம். குபேரனிடம் அவரவர் கேட்கும் வரம் யாதென்று நாம் விசாரித்ததில்லை. எனினும், இக்காலத்து வாலிபரின் வேண்டுதல்களில் கனடாவிலோ அமெரிக்காவிலோ ஸ்திரவாசம் கிடைக்க வேண்டுமென்பதும் ஒன்றாயிருக்குமென ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை.

இதற்காக வாலிபரை, "தாய்நாட்டை மறந்தவர்கள்" என்று வைவது பிரசங்கிகள் சிலருக்குச் சுலபமான காரியமாகிவிட்டது. அக்கோஷ்டியில் நாம் சேர மாட்டோம். கடல் கடந்து பிழைப்பது இந்த ஜில்லாவுக்கே பழைய கதை. 1989-ல் தனி ஜில்லாவாகும் வரை திருவண்ணாமலை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய சுமார் 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள். அவர்களுள் வட ஆர்க்காட்டார் தொகை மிக அதிகம்.

அவர்களும் ஸ்திரவாசம் கேட்டவர்களே. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும், தாங்கள் திருத்திய நிலத்தருகே குடிசை போட்டுக்கொண்டு தங்க விரும்பினார்கள். கரும்பு வெட்டும்வரை வேண்டப்பட்ட கூலி, அண்டை வீட்டுக்காரனாக வேண்டப்படவில்லை. ஆகவே 1895-ல் நேட்டால் சட்டசபை ஒரு சட்டம் செய்தது: ஒன்று மறு ஒப்பந்தம் எழுது, அல்லது ஊர் திரும்பு, அல்லது ஆளுக்கு வருஷம் மூன்று பவுன் வரி கட்டு. முதலில் அவர்கள் விதிக்க நினைத்தது 25 பவுன். இந்திய சர்க்கார் "கருணை" கூர்ந்து மூன்றுக்குச் சம்மதித்ததாம்! மாதம் 14 ஷில்லிங் சம்பாதிப்பவனுக்கு இது நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். மனைவிக்கும், பதினாறு வயது கடந்த மகனுக்கும், பதின்மூன்று கடந்த மகளுக்கும் தனித்தனியே வரி. நால்வர் உள்ள குடும்பம் பன்னிரண்டு பவுனுக்கு எங்கே போகும்? 1913-ல் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் காந்தியடிகளின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து, சிறை புகுந்து, உயிரும் கொடுத்த பின்னரே, 1914-ல் அவ்வரி ஒழிந்தது.

இன்று போகிறவன் கூலியல்லன். பட்டம் பெற்ற இஞ்சினீயர், நர்ஸ், கணக்கர். வாசலில் அவனை நிறத்தால் அளப்பதில்லை, மதிப்பெண்ணால் அளக்கிறார்கள். கனடா 1967-ல் இம்முறையைத் தொடங்கியது. அங்கே தேர்ச்சியுள்ள தொழிலாளர் பிரிவில் நூற்றுக்கு 67 பெற வேண்டும். வயதுக்கென உள்ள பன்னிரண்டும் 35 வயதுக்குட்பட்டவனுக்கே முழுமையாகக் கிடைக்கும். 47 ஆனவனுக்குச் சூனியம். வளர்த்துப் படிக்கவைத்த செலவு நம்முடையது, உழைக்கும் வயது அவர்களுடையது. வியாபாரம் அவர்களுக்கு நஷ்டமில்லை!

அமெரிக்காவின் கதை இதனினும் விபரீதம். தொழில் காரணமாக வருஷந்தோறும் அளிக்கும் ஸ்திரவாசச் சீட்டு சுமார் 1,40,000. எத்தேசத்தாருக்கும் நூற்றுக்கு ஏழு என்பது பொது வரம்பு. 140 கோடி ஜனங்களுள்ள பாரதத்துக்கும் சில லட்சம் பேருள்ள தீவுக்கும் ஒரே பங்கு. ஆகவே நம்மவர் பத்தாண்டுகளுக்கு மேலும் வரிசையில் நிற்கின்றனர். கூடவே வளர்ந்த பிள்ளை 21 வயதானதும் வரிசையிலிருந்து தள்ளப்படலாம். இந்நிலையில், 2025 செப்டம்பரில், புதிதாய் அழைக்கப்படும் எச்-1பி ஊழியருக்கு லட்சம் டாலர் கட்டணம் என்று ஜனாதிபதி டிரம்ப் உத்தரவிட்டார். முதலாளி கட்டுவது என்பது உண்மையே. ஆனால் அத்தொகையைக் கண்டபின் எத்தனை முதலாளிகள் நம் வாலிபனை அழைப்பார்கள்?

தன் வீட்டில் யாரைச் சேர்ப்பதென்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டு. ரமணாசிரமத்தை நாடி வந்து மாதக்கணக்கில் இம்மலையடியில் தங்கும் ஐரோப்பியரிடம் நாமும் விசா கேட்கத்தான் கேட்கிறோம். அதைப் பற்றி நமக்கு வழக்கில்லை. உழைப்பையும் வரியையும் வாங்கிக்கொண்டு, பலனை மட்டும் மறுப்பதே நமது வழக்கு.

அமெரிக்காவில் தற்காலிக விசாவில் உழைப்பவனிடமும் முதுமைக்காலப் பாதுகாப்புக்கெனச் சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள். சுமார் பத்து வருஷம் கட்டினாலொழிய ஓய்வுத்தொகை இல்லை. இடையில் திரும்பினால் கட்டியது போனதுதான். கனடாவுடனும் ஜெர்மனியுடனும் இது குறித்து நமக்கு உடன்படிக்கை அமலில் உண்டு. 2025-ல் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் செய்தபோதும், தற்காலிக ஊழியர் இரு தேசத்திலும் சந்தா கட்டுவதைத் தவிர்க்க இணக்கம் காணப்பட்டது. அமெரிக்காவுடன் மட்டும் பேச்சு பேச்சாகவே நிற்கிறது. பருப்புக்கும் பாதாம் கொட்டைக்கும் தீர்வை குறைக்கும்படி வாஷிங்டன் கேட்கும்போதெல்லாம், நம் ஊழியர் விட்டுவந்த சந்தாப் பணத்தை டில்லியும் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வருமட்டும் பருப்பு காத்திருக்கட்டும்.