பனிக்கட்டி யாருக்கு?

கோடையின் கொடுமை மிகுந்த ஒரு பிற்பகலில், கோர்ட்டு வேலை முடிந்த பின்னர், இளம் வக்கீல் நண்பர் ஒருவருடைய வற்புறுத்தலுக்கு இணங்கி, நமது நகரில் கொரிய நாட்டார் நடத்தும் உணவுச்சாலை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது முதல், சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கொரியக் குடும்பங்கள் பல வந்து வசிப்பதை வாசகர்கள் அறிவார்கள். அவர்களுடைய தேவையை முன்னிட்டு ஏற்பட்ட உணவுச்சாலைகளில் இப்பொழுது நமது இளைஞர்களும் நிரம்பியிருக்கிறார்கள். அங்கே நமக்குப் ‘பிங்சு’ என்னும் பதார்த்தம் அளிக்கப்பட்டது. நாவுக்குக் கிடைத்த இன்பம் ஒன்றே விஷயமானால் இப்பத்தியில் அதற்கு இடமளித்திருக்க மாட்டோம். அதனைத் தொட்டு எழுந்த வாதமும், வாதத்தின் முடிவில் நமக்கு உண்டான அபிப்பிராயமும் வாசகர்களின் கவனத்துக்கு உரியவை என்று கருதியே எழுதத் துணிந்தோம்.

பிங்சு என்பது சீவிய பனிக்கட்டியேயன்றி வேறில்லை. முற்காலத்தில் தண்ணீர்க் கட்டியைக் கையால் சுழற்றும் பொறியில் சீவினார்கள். இக்காலத்தில் பாலையே உறையச் செய்து, பஞ்சு போன்ற மெல்லிய இழைகளாகச் சீவிக் குவிக்கிறார்கள். அதன்மேல் சர்க்கரையிட்டு வேகவைத்த செந்நிறச் சிறு பயறு, பசையுள்ள அரிசியை அவித்து இடித்துச் செய்த ‘இன்ஜொல்மி’ என்னும் பலகாரத் துண்டுகள், வறுத்த சோயா மாவு ஆகியவை இடப்பட்டிருந்தன. கிண்ணம் பெரிது, கரண்டிகள் இரண்டு. ஒரே கிண்ணத்தைப் பலர் பகிர்ந்துண்பதே அந்நாட்டு வழக்கமாம். இனிப்பில் பயறா என்று நண்பர் முகம் சுளித்தார். காரடையான் நோன்பன்று வெல்லமும் காராமணியும் சேர்த்த அடையை விரும்பி உண்ணும் நாம் அவ்வாறு சுளிப்பது நியாயமன்று என்று நாம் சொன்னோம். முதல் கரண்டிக்குப் பிறகு அவ்விஷயத்தில் அவர் வழக்காடவில்லை.

ஆனால் வேறொரு வழக்கைத் தொடுத்தார். பிங்சுவைக் கொரியருடைய பண்டம் என்று கொண்டாடுவது பிழை, அது ஜப்பானியருடைய ‘காகிகோரி’யின் மறுபதிப்பு, 1910 முதல் 1945 வரை கொரியாவை அடிமைப்படுத்தி ஆண்ட ஜப்பானியர் கொண்டுவந்த தின்பண்டத்தை, சுயமரியாதையுள்ள ஒரு ஜாதியார் விடுதலை பெற்ற அன்றே வீதியில் எறிந்திருக்க வேண்டாவோ என்பது அவருடைய கட்சி. அந்த ஆட்சியின் இறுதிக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் கொரிய மொழி ஒதுக்கப்பட்டதையும், 1940-ஆம் ஆண்டு முதல் மக்களை ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளுமாறு நெருக்கியதையும் நினைக்கும்பொழுது, இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட இயலாது. பயறும் பாகும் இட்ட இன்றைய பிங்சு ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் உருவாகிப் பரவியதென்பதும் உண்மையே.

எனினும், பனிக்கட்டியைக் கொரியருக்கு ஜப்பானியர் கற்றுக்கொடுக்கவில்லை. ஜோசொன் அரசர்கள் 1396-ஆம் ஆண்டிலேயே தங்கள் தலைநகரில், ஹான் ஆற்றங்கரையில், பனிக்கட்டிச் சேமிப்புச் சாலைகளை அமைத்தனர். கீழ்ச்சாலையின் கட்டிகள் அரசாங்க வேள்விகளுக்கும், மேற்சாலையின் கட்டிகள் அரண்மனைக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் பயன்பட்டன. இன்றும் சியோல் நகரின் ஒரு பகுதிக்கு ‘சொபிங்கோ’, அதாவது மேற்குப் பனிக்கட்டிச் சாலை என்றே பெயர். கியோங்ஜு நகரில் 1738-இல் கருங்கல்லால் கட்டிய பனிக்கட்டி அறையை இன்றும் காணலாம்.

நண்பருக்கு நாம் எடுத்துக்காட்டிய முக்கியமான சாட்சி ஒரு மனிதர். குழந்தைகளின் உரிமைக்காகவே வாழ்ந்த பாங் ஜொங்-ஹ்வான் என்பவர் 1919-ஆம் ஆண்டு சுதந்திரக் கிளர்ச்சியில் ஈடுபட்டுப் போலீசாரால் பிடிக்கப்பட்டவர். 1923-இல் ‘ஒரினி’ என்னும் சிறுவர் பத்திரிகையைத் தோற்றுவித்தவர். 1931-இல் முப்பத்திரண்டு வயது நிரம்புமுன் மறைந்தவர். இத்தகைய தேசபக்தர் பிங்சுப் பிரியர் என்று பெயர் பெற்றிருந்தார். 1920-களின் இறுதியில் பிங்சுவைப் பற்றிக் கட்டுரையே எழுதி, அதற்கு ஸ்டிராபெரிப் பழப் பாகே பொருத்தம் என்று தீர்ப்பும் அளித்தார். அந்நிய ஆட்சியை எதிர்த்த அவர் குளிர்ந்த கிண்ணத்தை எதிர்க்கவில்லை. ஆட்சி வேறு, பண்டம் வேறு என்று பகுத்தறியும் நிதானம் அவரிடம் இருந்தது. 1950-இல் மூண்ட போருக்குப் பின் டப்பாப் பழங்களும் ஐஸ் கிரீமும் பிங்சுவின்மேல் ஏறின. 2013-இல் புசான் நகரில் தோன்றிய ‘சொல்பிங்’ என்னும் கடை, பண்டைய இன்ஜொல்மியையும் சோயா மாவையும் அதன்மேல் இட்டு நாடெங்கும் பரப்பிற்று. வந்தவரெல்லாம் ஏதேனும் ஒன்றை இட்டார்கள், கிண்ணம் கொரியருடையதாயிற்று.

ஆகையால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நமக்குச் சிறியதாகப் படுகிறது. யாருக்குக் கிடைக்கிறது என்பதே பெரிய கேள்வி.

பழைய ஜோசொன் ஆட்சியை நாம் பொற்காலமென்று புகழ வரவில்லை. கடுங்குளிரில் உறைந்த ஆற்றின்மேல் நின்று கட்டி வெட்டியவர்கள் ஏழைக் குடிகள். அது அவர்கள் தலையில் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். அவர்கள் பட்ட பாட்டைப் பதினேழாம் நூற்றாண்டுப் புலவர் கிம் சாங்-ஹியோப் தனிக் கவிதையாகவே பாடியிருக்கிறார். வெட்டியவன் குளிரில் விறைத்தான். கோடையில் அதை அநுபவித்தவன் வேறொருவன். நமது சென்னைக் கடற்கரையிலும், இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம் 1842-ஆம் ஆண்டளவில் எழுந்தது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கே. அதனால் குளிர்ந்தவை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடைய மேஜைகள். ஆயினும், 1485-இல் முற்றுப்பெற்ற ஜோசொன் சட்டத் தொகுதியில் வக்கீல் தொழில் புரிவோர் கவனிக்கத்தக்க ஒரு விதி உண்டு. கோடையின் கடைசி மாதத்தில் உத்தியோகஸ்தர்களுக்கும் எழுபது வயது கடந்து ஓய்வு பெற்ற பெரிய அதிகாரிகளுக்கும் பனிக்கட்டி வழங்க வேண்டும் என்று கூறும் அவ்விதி, ஏழை நோயாளிகளைப் பராமரிக்கும் வைத்தியசாலைக்கும் சிறையில் கிடக்கும் கைதிகளுக்கும் அதை வழங்குமாறு கட்டளையிடுகிறது. முடியாட்சிக் காலத்துச் சட்டம் ஒன்று கைதியின் தாகத்தை நினைத்திருக்கிறது!

இன்றைய நிலை என்ன? சியோல் நகரின் பெயர்பெற்ற ஹோட்டல் ஒன்றில், ஜேஜு தீவின் மாம்பழத்தை இட்ட பிங்சுக் கிண்ணம் 2024-ஆம் ஆண்டுக் கோடையில் 1,02,000 வொன்னுக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டில் அந்நாட்டுச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9,860 வொன். அதாவது, அந்த ஹோட்டலின் தரையைத் துடைக்கும் ஒருவர் குறைந்தபட்சக் கூலி பெறுபவராயிருந்தால், பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தால்தான் அங்கே ஒரு கிண்ணம் பனிக்கட்டியை உண்ண முடியும். அதற்காக மக்கள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். உண்ணுவதற்கு முன்னர் படம் பிடித்து ஊரறியக் காட்டுகிறார்கள்.

இதற்குச் சமாதானம் கூறுவோர் உண்டு. மாம்பழம் உயர்ந்தது, அதனால் ஜேஜு குடியானவனுக்கு நல்ல விலை கிடைக்கிறது, வேண்டாதவர் வாங்க வேண்டியதில்லை என்பார்கள். குடியானவனுக்கு உரிய விலை கிடைப்பதை நாம் மறுக்கவில்லை. உயர்ந்த விலையில் ஒரு கிண்ணம் இருப்பதால் மட்டும் தேசம் கெட்டுவிடாது. ஆனால், மேலோர் மேஜையிலிருந்து வீதிக்கு இறங்கி வர ஐந்நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட பண்டம், மறுபடியும் அந்தஸ்தின் அடையாளமாகி மேலே ஏறுவதைக் கண்டு மகிழ்வதற்கு நமக்குக் காரணம் தோன்றவில்லை. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நாட்டின் மலிவான காப்பிக் கடைகள், ஒருவர் உண்ணத்தக்க சிறு கோப்பைப் பிங்சுவை ஐயாயிரம் வொன்னுக்குள் விற்கத் தொடங்கியதும் ஜனங்கள் அதனை விரும்பி வாங்கினார்கள். பாங் ஜொங்-ஹ்வான் இன்றிருந்தால் எந்தக் கடைக்குப் போயிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

நமது நகரத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது. கொரிய உணவுச்சாலைகள் இங்கே பெருகட்டும். நமது பிள்ளைகள் அவற்றில் உண்பதால் நமது பண்பாடு உருகிவிடாது. ஆனால் நாம் உண்ட அந்தக் கிண்ணத்தின் விலைச் சீட்டைப் பார்த்தபொழுது, வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்த காவல்காரரின் நினைவு வந்தது. அவருடைய மூன்று வேளை உணவுக்கும் போதுமான தொகை அது. உள்ளே இருவர் பகிர்ந்துண்டோம். வெளியே ஒருவர் வியர்த்து நின்றார். உணவுச்சாலைக்காரர்கள் பெரிய கிண்ணத்துடன் சாதாரண வருமானமுள்ளவர் வாங்கத்தக்க சிறு கோப்பையையும் விற்பார்களாயின், வியாபாரமும் பெருகும், நற்பெயரும் கிடைக்கும். வெயிலில் வேலை செய்வோருக்கு நிழலும் குளிர்ந்த நீரும் அளிப்பது முதலாளிகளின் தயவைப் பொறுத்ததாக இராமல், சட்டத்தின் கட்டளையாகவே ஆக வேண்டும். கைதிக்கும் பனிக்கட்டி கொடு என்று 1485-இல் எழுத முடிந்ததென்றால், வாசற்காவலருக்கு ஒரு நாற்காலியும் குளிர்ந்த நீரும் கொடு என்று இன்று எழுத முடியாதா?