நுவரெலியா போங்க, நித்திரை கொண்டிட்டுப் போங்க



லீவு வந்தால் நம்ம தம்பிமார் இஷாவுக்குப் பிறகு முடிவெடுத்து, இரவோடிரவாக நுவரெலியாவுக்கு வேனைக் கிளப்புகிறார்கள். திடீர்ப் பயணத்தில் தவறில்லை. பகலெல்லாம் வேலை செய்து களைத்தவரே ஓட்டுவதுதான் தவறு.

வன்னி மட்டமான நிலம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஏ9 வீதியில் ஓடிய பழக்கம் றம்பொடை வளைவுகளுக்குப் போதாது. 2025 மே 11 அதிகாலை கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். இரண்டும் இருட்டில்.

சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிடுங்கள். லைசன்ஸ் உள்ள இருவர் மாறி மாறி ஓட்டுங்கள். இறக்கத்தில் சின்னக் கியரில் வாருங்கள். பிரேக்கையே மிதித்தால் சூடேறிப் பிடிக்காது.

பெற்றோரே, "எப்ப வருவாய்?" என்பதற்கு முன், "யார் ஓட்டுறது? நித்திரை கொண்டவரா?" என்று கேளுங்கள்.