போத்தலுக்குள் மூட்டை அடங்குமா?

பசளை என்றதும் எமது விவசாயியின் மனக்கண்ணில் தோன்றுவது வெள்ளை யூரியா மூட்டைதான். அந்த மூட்டையின் இடத்தை அரை லீற்றர் போத்தல் ஒன்று பிடித்துவிடும் என்று 2021ஆம் ஆண்டு முதல் சொல்லப்பட்டு வருகிறது. இந்தியாவின் இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் அறிமுகப்படுத்திய நனோ யூரியாத் திரவமே அது. புதிய தொழில்நுட்பத்தை எடுத்த எடுப்பிலேயே புறந்தள்ளுபவன் அல்லன் நான். எனினும், விளம்பரத்தை நம்புமுன் கணக்கைப் பார்க்கவேண்டும் என்பது எனது நிலைப்பாடு.

கணக்கு எளிது. யூரியாவில் நைதரசன் 46 வீதம். எனவே 45 கிலோ மூட்டையில் இருப்பது ஏறத்தாழ 20 கிலோ நைதரசன். முதலில் சந்தைக்கு வந்த போத்தலில் இருந்தது 4 வீதம்; அதாவது 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு! மண்ணில் இடும் யூரியாவில் பெரும்பகுதி காற்றோடும் நீரோடும் வீணாகிறது என்பது உண்மையே. பாதி வீணானாலும் 10 கிலோ எஞ்சுகிறதே. இலைவழி தெளிக்கும் 20 கிராமில் ஒரு துளியும் வீணாகாவிட்டாலும் அது 20 கிராம்தான். 2024இல் செறிவு 16 வீதமாக உயர்த்தப்பட்ட பின்பும் போத்தலின் நைதரசன் 100 கிராமளவைத் தாண்டவில்லை. ஒரு தொன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசனை எடுக்கிறது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளவேண்டும்.

அடிக்கட்டுப் பசளையை வழமைபோல் இட்டு, மேற்கட்டுப் பசளைக்குப் பதிலாகவே இதைத் தெளிக்கவேண்டும் என்கிறது நிறுவனம். சில வயல்களில் விளைச்சல் குறையவில்லை என்றும் காட்டுகிறது. அப்படியாயின் குறைந்துபோன நைதரசன் எங்கிருந்து வந்தது? மண்ணின் சேமிப்பிலிருந்துதான் வந்திருக்க முடியும்.

அந்தச் சேமிப்பின் காவலர்கள் மண்ணில் வாழும் நுண்ணங்கிகள். உக்கிய இலைகுழையைச் சிதைத்து, அதில் பூட்டிக்கிடக்கும் நைதரசனை வேருக்கு விடுவிப்பவை அவையே. யூரியா கூட நேரடியாகப் பெரிதும் பயன்படுவதில்லை. நுண்ணங்கிகள் சுரக்கும் நொதியம் அதை அமோனியமாக்கவேண்டும். பின்னர் வேறு பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக்கவேண்டும். மண்ணுக்கு எதையும் திருப்பிக் கொடுக்காமல் இந்தச் சேமிப்பை ஆண்டுதோறும் எடுத்தால், சேதனப் பொருள் குன்றும். அதை உண்டு வாழும் உயிர்களும் குன்றும். முதலிரு போகங்களில் இது வெளியே தெரியாது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் நெல்லிலும் கோதுமையிலும் ஈராண்டுகள் நடத்திய வயற் பரிசோதனையில், யூரியாவைக் குறைத்து நனோ யூரியாவைத் தெளித்த இடங்களில் விளைச்சலும் தானியத்தின் நைதரசன் அளவும் வீழ்ந்தன. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2023இல் இந்த உற்பத்தியின் விஞ்ஞான அடிப்படையையே கேள்விக்குட்படுத்தினர்.

இதனால் மூட்டையே சிறந்தது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிக்கொட்டிய பசளை நைத்திரேற்றாகிக் கிணறுகளுக்குள் இறங்கியிருப்பதைப் பல ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டிய கிணறுகள் அங்கே உண்டு. அளவு மீறிய நைதரசன் பயறு, உழுந்து முதலியவற்றின் வேர்முடிச்சுகளையும் குறைத்துவிடுகிறது. கேளாமலே கிடைக்கும்போது செடி ஏன் பற்றீரியாவுக்குச் சோறு போடவேண்டும்?

சேதனம் என்ற பெயர்ப்பலகையும் காப்பாற்றாது. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடைசெய்தது. சீனாவிலிருந்து தருவிக்கவிருந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கான பற்றீரியா இருப்பதாக எமது அதிகாரிகள் அறிவித்தார்கள். விற்ற நிறுவனம் மறுத்தது. கப்பலின் பசளை வயலுக்கு வரவில்லை. 67 இலட்சம் டொலர் மட்டும் போனது. அவ்வாண்டு ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. எமது மண்ணில் பல போகங்கள் பரீட்சித்துப் பார்க்க அவகாசம் ஏது? நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. பெரும்போகம் படுத்துவிட்டது. 2022 ஏப்ரலில் அந்தத் தீர்மானம் தவறென்று ஜனாதிபதியே ஒப்புக்கொண்டார். வயிற்றில் அடிபட்டவன் விவசாயி.

நல்ல தொழில்நுட்பத்துக்கும் உதாரணம் உண்டு. இந்தியா 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது. நைத்திரேற்றாக்கும் பற்றீரியாவின் வேகத்தை வேம்பு மட்டுப்படுத்துகிறது. நைதரசன் மெல்ல மெல்லக் கிடைக்கிறது. நுண்ணங்கியின் இயல்பை அறிந்து செய்த வேலை அது.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமல்ல. எந்தப் புதிய பசளையும் எமது செம்மண்ணிலும் வயல்மண்ணிலும் பல போகங்கள் பரீட்சிக்கப்படட்டும். பக்கத்துப் பாத்தியில் வெறும் தண்ணீர் தெளித்து ஒப்பிடட்டும். விளைச்சலை மட்டுமன்றி, மண்ணின் சேதனக் காபனையும் நுண்ணங்கிகளின் நிலையையும் அளக்கட்டும். முடிவு தமிழிலும் சிங்களத்திலும் விவசாயியின் கைக்கு வரட்டும். குழை தாழ்த்தியும் பட்டி அடைத்தும் மண்ணுக்கு உணவூட்டிய எமது முன்னோர் நைதரசன் என்ற சொல்லை அறியார். ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அறிந்திருந்தார்கள். மூட்டையோ போத்தலோ, அந்தக் கடனைத் தீர்க்காத எதுவும் பசளையாகாது.