காலைப் பிடித்த மல்லன்

பெண் வீட்டார் பிள்ளை வீட்டாரின் காலைப் பிடிப்பது நம் நாட்டில் புதிய சங்கதி அல்ல. ஆனால் செங்கல்பட்டில் என் நண்பர் வீட்டில், பெண் பார்க்க வந்த பிள்ளையின் தகப்பனார் காலைப் பிடித்தது பெண்ணின் அண்ணனும் அல்ல, அம்மாவும் அல்ல. நாலு மாத நாய்க்குட்டி! பிடித்ததோடு நின்றிருந்தால் பாதகமில்லை. முன்னங்கால் இரண்டாலும் அவருடைய முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஏறி நின்று, இடுப்பை ஆட்டத் தொடங்கிவிட்டது. அவர் காலை உதறினார், அது விடவில்லை. கேசரித் தட்டு ஒரு பக்கம், வேஷ்டி ஒரு பக்கம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பெண் சிரித்த சிரிப்பு கூடம் வரை கேட்டதாம்.

குடும்பப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "நாய் வளர்ப்பவர்கள் குடும்பஸ்தர்கள் இல்லையா? எழுதும்" என்று சொல்லிவிட்டார். எழுதுகிறேன்.

குட்டியின் பெயர் மல்லன். மாமல்லபுரம் கடற்கரையில் கிடைத்ததால் நண்பரின் எட்டு வயது மகள் வைத்த பெயர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் பூண்டிருந்த பட்டம் அல்லவா மாமல்லன்? பெரிய மல்லன் என்று பொருள். இந்தச் சின்ன மல்லனும் தலையணையோடும், பாட்டியின் புடவைத் தலைப்போடும், வந்தவர் போனவர் கால்களோடும் மல்லுக்கு நின்றான்.

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். பாட்டி "சீ, கழுதை!" என்று கத்துவார். குழந்தை கைகொட்டிச் சிரிக்கும். நண்பர் ஒரு வாரப் பத்திரிகையைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டுத் தட்டுவார். (நம் பத்திரிகைதான். தொடர்கதைப் பக்கம் வெளியே தெரிந்தது.) அடி வாங்க வாங்க, குட்டி காலை விடுவதற்குப் பதிலாகக் கையைப் பார்த்து உறும ஆரம்பித்தது.

வந்து போன இடத்திலிருந்து பதில் வரவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பாட்டிக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். "எங்கேயிருந்து தூக்கிட்டு வந்தியோ, அங்கேயே கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று மகனிடம் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய் மாட்டிக்கொண்டேன். "ஊசி போடப் போகிறோம்" என்று குழந்தையிடம் பொய் சொல்லிவிட்டு, நண்பர் ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் நான் பிரம்புக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். வழி நெடுக அது என் விரலை நக்கிக்கொண்டே வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குற்றவாளியின் கையை யாராவது நக்குவார்களா?

குப்பத்து மணலில் படகுகளுக்கு நடுவே, வலையிலிருந்து மீன் பிரித்துக் கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையைப் பார்த்ததும், "அட, நம்ம குட்டி!" என்றார். கூடப் பிறந்த பெட்டைக் குட்டி ஒன்று ஓடி வந்தது. மல்லனை முகர்ந்தது, சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு சாவகாசமாக அவன் முதுகில் ஏறி, செங்கல்பட்டில் அவன் என்ன செய்தானோ அதையே செய்தது!

"இது பெட்டை ஆயிற்றே!" என்றார் நண்பர்.

அந்த அம்மாள் சிரித்தார். "ஆட்டந்தான் தம்பி. ஆணு என்னா, பொட்டை என்னா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், அப்பால கடிச்சு உருளும், அப்பால தூங்கிப்பூடும்."

அதற்குள் பெரிய நாய்கள் இரண்டு படகு நிழலிலிருந்து எழுந்து வந்தன. வால் விறைத்திருந்தது. மல்லன் மல்லாந்து படுத்து, பயத்தில் சிறுநீர் கழித்துவிட்டான். "விட்டுட்டுப் போகாதீங்க. வூட்டு வாசனை புடிச்ச குட்டி, ராத்திரி தாங்காது" என்றார் அந்த அம்மாள். அவர் சொன்னது மனிதர் சட்டம். அரசாங்கச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: பசியாலும் தாகத்தாலும் வதைபடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

கூடையோடு திரும்பினோம். ஐந்து ரதங்கள் இருக்கும் இடத்தைக் கடக்கும்போது ஒன்று தோன்றியது. பாண்டவர் பெயராலும் திரௌபதி பெயராலும் ரதங்கள் இருக்கின்றன; பக்கத்தில் யானை உண்டு, சிங்கம் உண்டு, நந்தி உண்டு. தர்மபுத்திரரோடு கடைசி வரை நடந்த நாயை மட்டும் காணோம். சிற்பிகள் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்திருப்பாரோ என்னவோ!

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "இதில் காமமும் இல்லை, கர்வமும் இல்லை" என்றார். நாய் நம்மை ஆளப் பார்க்கிறது என்று நண்பர் எங்கோ படித்திருந்தார். அதற்கும் தலையை ஆட்டி மறுத்தார். ஐந்தாறு வாரக் குட்டிகளே விளையாட்டில் இப்படி ஏறுமாம். பருவம் வருவதோ பொதுவாக ஆறு மாதத்துக்குப் பிறகு. உற்சாகம் மிஞ்சினால் ஏறும். புது மனிதர் வந்த பதற்றத்தில் ஏறும். தூக்கம் போதாமல் களைத்தாலும் ஏறும். நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டிய வயது அது. பெண் பார்க்கும் அமளியில் அன்று அதைத் தூங்க விட்டவர் யார்?

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னோம். "பாட்டி கத்தியதும், குழந்தை சிரித்ததும் அதற்குப் பரிசு. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்களே! நீங்கள் கொடுத்த அடி, கை என்றால் வலி என்று கற்றுக் கொடுத்தது. கடிக்கக் கற்றுக் கொடுத்தீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்."

அவர் சொன்ன வழி சுலபமானது, பொறுமைதான் வேண்டும். ஏறினால் பேசாமல், பார்க்காமல், காலை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். அரை நிமிஷம் கழித்து வரலாம். அதைவிட நல்லது, ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது. காரணமில்லாமல் வட்டமடித்து ஓடும், இரைக்கும், காலருகே வந்து மூக்கை வைக்கும். அந்தக் கணத்தில் "உட்கார்" என்று சொல்லி, உட்கார்ந்தால் அவித்த முட்டையில் ஒரு சிட்டிகை. விருந்தாளி வரும்போது கயிற்றில் கட்டி, கடித்து விளையாட முடிச்சுப் போட்ட பழந்துணி கொடுக்கலாம். சின்னக் குழந்தையோடு பெரியவர் துணையின்றி விடக்கூடாது. வீட்டில் நாலு பேரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. ஒருவர் சிரித்தால் மூன்று பேர் உழைப்பும் வீண்.

அடிக்கடி அந்த இடத்தையே நக்கினாலோ, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போனாலோ, அது பழக்கமல்ல, நோய். டாக்டரிடம் காட்ட வேண்டும். மல்லனுக்கு அப்படி எதுவும் இல்லை. வெறிநாய்த் தடுப்பூசி மட்டும் போட்டார். ஆக, குழந்தையிடம் சொன்ன பொய் ஒரு நாள் தாமதமாக மெய்யாயிற்று. தடுப்பூசி போட்ட நாயானாலும், பல்லோ நகமோ பட்டு இரத்தம் வந்தால், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் எச்சரித்தார்.

"ஆபரேஷன் செய்துவிட்டால்?" என்றார் நண்பர். மாட்டுக்குக் காயடிப்பது என்கிறோமே, அதுதான். செய்யலாம், ஆனால் மந்திரமல்ல. கலிபோர்னியாவில் 57 ஆண் நாய்களைக் கவனித்து 1997ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பிறகு தேடிப் படித்தேன். ஆபரேஷனுக்குப் பின் இந்த வழக்கம் பாதியாவது குறைந்தவை, பத்தில் ஆறுக்குக் குறையவில்லை; ஏறக்குறைய முழுதும் நின்றவை பாதி கூட இல்லை. எந்த வயதில் செய்வது என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். ராஜபாளையம் போன்ற பெரிய ஜாதிக்குச் சற்றுப் பொறுக்கச் சொல்வார்கள். தெருவில் குட்டிகள் பெருகாமலிருக்க இது அவசியம் என்பது வேறு விஷயம். சென்னையில் புளூ கிராஸ் சங்கத்தார் 1964லேயே தொடங்கிய வேலை அது.

மூன்று வாரம் கழித்துப் போனேன். மல்லன் பாய்ந்து வந்தான். என் காலருகே மூக்கை வைத்தான். நான் மூச்சை அடக்கினேன். "உட்கார்!" என்றது ஒரு குரல். பாட்டி! இடுப்பு முடிச்சிலிருந்து முட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். மழை நாளில் தலையணை மீது இன்னும் ஏறுகிறானாம். "அது கிடக்கட்டும், பழைய தலையணைதானே" என்றார்.

வரும் வெள்ளிக்கிழமை இன்னொரு பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மல்லனைக் கொல்லையில் கட்டிவிட நண்பர் புதுக் கயிறு வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டாள் தங்கை.

"கட்ட வேண்டாம் அண்ணா. கூடத்திலேயே இருக்கட்டும். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று நான் பார்க்க வேண்டும்."