வாசலில் பூனை, திண்ணையில் நாய்

எளாவூரிலிருந்து நேயர் ஒருவர் எழுதுகிறார்: "வீட்டில் நாய் ஒன்று வளர்த்து வருகிறோம். நான்கு நாட்களாகக் கொல்லையில் விறகுக் குவியலின் மேல் நோயுற்ற பூனை ஒன்று வந்து படுத்திருக்கிறது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, உடம்பெல்லாம் எலும்பு. உள்ளே எடுத்து வரவேண்டும் என்று குழந்தைகள் அழுகின்றன. விரட்டிவிட வேண்டும் என்கிறார் மாமியார். நாய்க்கு ஏதேனும் தொற்றிக்கொண்டால் என் செய்வது?"

எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களைக் கண்டவர்களுக்கு இக்கேள்வி புதுமையாக இராது. வலை உதறும் இடங்களில் பூனைகளுக்குக் குறைவேது? திடமாக இருக்கும் வரையில் அவை ஊருக்கெல்லாம் சொந்தம். நோயில் விழுந்த மறுகணமே ஒருவருக்கும் சொந்தமில்லை. கோணியில் போட்டுக் கட்டி ரயில் பாதைக்கு அப்பால் விட்டு வருவோரும் உண்டு. பட்டினி கிடந்து வருந்தும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். அச்சட்டம் பிறப்பதற்கு ராஜ்ய சபையில் பெரிதும் பாடுபட்டவர் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல்.

குழந்தைகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாமியார் பக்கமும் இருக்கிறது. ஆனால் விரட்டுவதும் வேண்டாம், வீட்டுக்குள் கொண்டு வருவதும் வேண்டாம். நாய் எட்டாத இடம் ஒன்று கொல்லையில் இருக்குமாயின் அதுவே போதும். தட்டிக் கதவு போட்ட விறகுக் கொட்டகையானாலும் சரி, குளிக்கும் அறையானாலும் சரி. பழைய மீன்கூடையில் கந்தல் புடவையை மடித்துப் போட்டு, பக்கத்தில் தண்ணீரும், மலஜலத்துக்கு ஒரு தட்டு மணலும் வைத்துவிட்டால் ஆஸ்பத்திரி தயார்.

இனி, தொற்றும் விஷயம். கண்பீளையும் மூக்குச் சளியும் பெரும்பாலும் பூனைகளுக்கே உரிய ஒருவகை ஜலதோஷத்தின் அடையாளங்கள். அதற்குக் காரணமான வைரஸ்கள் நாயைப் பற்றுவதில்லை. வாந்தியும் கழிச்சலும் கண்டால்தான் கவலை அதிகம். 'பான்லூக்கோபீனியா' என்னும் நோய் பூனைக்குட்டிகளை ஓரிரு நாட்களிலேயே மாய்த்துவிடக் கூடியது. நாயை அது நோயில் தள்ளுவதில்லை. ஆனால் அதற்கு நெருங்கிய உறவான கிருமி ஒன்று 1978-ல் திடீரென நாய்களிடையே கிளம்பி, உலகெங்கும் பரவி, எண்ணற்ற குட்டிகளைக் கொன்றது. அதுதான் 'பார்வோ'. அதன் பிற்கால வகைகள் பூனையையும் பிடிக்கும். ஆகவே பூனையால் நாய்க்கு வரும் தீங்கைப் பற்றிக் கேட்கும் நேயர், தமது நாயால் பூனைக்கு வரக்கூடிய தீங்கையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்தால் பாதிக் கவலை அப்போதே தீர்ந்தது. போடவில்லையென்றால் முதற் காரியமாக அதைப் பற்றிக் கால்நடை வைத்தியரிடம் கேட்கவும்.

சுவர் தாண்டாத கிருமி நம் கையிலும் செருப்பிலும் ஏறிக்கொண்டு தாண்டிவிடும். நாய்க்கு முதலில் சோறு, பிறகு பூனைக்குச் சேவை. அது முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், கொட்டகைக்கென்று தனிச் செருப்பு. பான்லூக்கோபீனியா கிருமி சோப்புக்கு அஞ்சாது. மாதக்கணக்கில் தரையில் உயிரோடிருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் தரையை மெழுகிச் சிறிது பொறுத்து நல்ல தண்ணீரால் அலம்பிவிட வேண்டும். இவற்றை விட எளிதாகத் தாவுபவை தெள்ளுப்பூச்சி, காதுப் பூச்சி, படர்தாமரை ஆகிய மூன்றும். படர்தாமரை குழந்தைகளையும் விடாது.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் வெறிநோய். காரணமின்றிப் பாய்ந்து கடிக்கும் பூனை, எச்சில் ஒழுக விழுங்க முடியாமல் தவிக்கும் பூனை, தள்ளாடி நடக்கும் பூனை ஆகியவற்றை யாரும் தொடலாகாது. தூர நின்று கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்புங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, அது எவ்வளவு சாதுவாகத் தோன்றினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவது கூடாது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்னமும் நடுங்குவோர் இருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004-ம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில் சில ஊசிகள்தான். நாயைப் பூனை கடித்திருந்தால், முன்பே ஊசி போட்ட நாயாயினும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

பூனைக்கு என்ன கொடுப்பது? பால் என்பார்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. கழிச்சல் கண்ட பூனைக்குப் பால் வார்ப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதே. கருவாட்டில் உப்பு மிகுதி. குழம்பு மீனில் உள்ள வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, வெதுவெதுப்பாக வைத்த மீனே உத்தமம். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் உண்ணாது. சூடு வாசனையைக் கிளப்பும். ஈரத்துணியால் பீளையைத் துடைத்துவிடுவதும் உதவி. இரண்டு நாள் தொடர்ந்து உண்ணாத பூனைக்குக் கல்லீரல் கெட ஆரம்பிக்கும். அதற்கு மேல் வீட்டு வைத்தியம் ஆகாது.

மனிதருக்குக் கொடுக்கும் ஜுர மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. நாயின் தெள்ளுப்பூச்சிக்காகத் தடவும் மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவையும் அப்படியே. நாய்க்கு அமிர்தம், பூனைக்கு விஷம்!

அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டலாம். அங்கே முடியாதென்றால் சென்னை வேப்பேரி. 1903-ல் தோன்றிய கால்நடைக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. சென்னையிலேயே காப்டன் வி. சுந்தரம் 1959-ல் நிறுவிய புளூ கிராஸ் சங்கமும் உண்டு. பூனையைக் கையில் தூக்கிச் செல்ல முயல வேண்டாம். மேலே துண்டைப் போட்டுப் பொத்தி, கூடையில் வைத்து, வாயைத் துணியால் கட்டுங்கள். வலைத் துண்டு கொண்டு கட்டினால் நகம் சிக்கிக்கொள்ளும்.

பூனை பிழைத்தெழுந்து வீட்டோடு தங்கிவிட நினைத்தால்? வைத்தியர் சரியென்று சொன்ன பிறகு, இனவிருத்தித் தடைச் சிகிச்சையும் செய்வித்து, மெல்ல மெல்ல நாயோடு பழக்குங்கள். பழவேற்காட்டு ஏரி மீனவர்களில் ஒரு சாராரிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடத்தில் இன்னார் இன்ன நாள் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். வீட்டிலும் அதுபோல் ஒரு பாடு வகுத்துவிடலாம். காலையில் நாய் கட்டில், பூனை முற்றத்தில். மாலையில் பூனை கொட்டகையில், நாய் முற்றத்தில். ஒன்றன் வாசனை மற்றதற்குப் பழகட்டும். பிறகு கதவிடுக்கு வழியாகப் பார்வை. அதற்கும் பிறகு, நாயைச் சங்கிலியில் பிடித்தபடி, நேருக்கு நேர். வாரக்கணக்கில் ஆகலாம். பூனை ஏறி உட்கார உயரமாக ஒரு பலகை அடித்துவிடுங்கள். அதன் மீன் தட்டையும் அங்கேயே வைத்துவிடுங்கள். கீழே வைத்தால் நாய் தின்றுவிட்டு ஒன்றுமறியாதது போல் படுத்துக்கொள்ளும்.