சுவர் தாங்குமா?

குழந்தைகளே, பொங்கலுக்கு முன் வெளிச்சுவர்ப் பாசியை, வாட்டர் சர்வீஸ் மிஷினால் பீய்ச்சிக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்தில் சுவர் பளிச்! உறுதியான சிமென்ட் சுவர் என்றால் சரி. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவருக்கு வேண்டாம் என்பேன்.

ஏன் தெரியுமா? மிஷின் தள்ளும் நீரின் அழுத்தம், கார் டயரில் உள்ளதைப் போல 40 மடங்குக்கும் மேல். பாசியோடு காரையும் பெயரும். விரிசலில் தண்ணீர் இறங்கும். ஈரம் தங்கினால் மறுபடி பாசிதான்!

முதலில் ஒழுகும் குழாயைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

இன்னொன்று... அந்த மிஷினை நீங்கள் தொடவே கூடாது. பீய்ச்சும் நீர் தோலையே கிழித்துவிடும். அழுக்கு போகட்டும், சுவர் நிற்கட்டும். சரிதானே?