மருந்து எண்டு சொல்லாதேங்கோ: வெள்ளை ஈயும் சுன்னாகத்துக் கிணறும்

பூச்சியைக் கொல்ல விற்கிற நஞ்சுக்கு எங்கட ஊரில வைத்திருக்கிற பெயர் "மருந்து". காய்ச்சலுக்கும் மருந்து, கத்தரிக்கும் மருந்து. பிள்ளைக்குக் குடுக்கிறதும் மருந்து, பிள்ளைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டியதும் மருந்து. அதனால்தான் தென்னை ஓலை கறுத்து, வாழையிலையின் அடியில் வெள்ளை மா அப்பியிருக்கக் கண்டதும் முதல் வாற கேள்வி "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதாகவே இருக்கிறது. அடிக்க வேணுமா எண்டு கேட்கிற ஆள் குறைவு.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்கிறேன். வீட்டு வளவில நிற்கிற தென்னைக்கும் மாவுக்கும் கொய்யாவுக்கும் வெள்ளை ஈயைச் சாட்டி நஞ்சடிக்கிறது வேலைக்கு ஆகாது. வலிகாமத்தில் அது ஆபத்தும்கூட. வேற வழி இருக்கு. அந்த வழியை இந்த நாடு ஒரு தரம் இல்லை, பல தரம் செய்து வென்றிருக்கிறது. நாங்கள்தான் மறந்துபோனோம்.

முதலில் எதிரி ஆர்?

பெயர்தான் ஈ. உண்மையில் இது மாப்பூச்சி, அழுக்கணவன் வகையறாவின் சொந்தம். இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். உறிஞ்சின சாற்றில் மிச்சத்தைச் சீனிப்பாகு மாதிரிக் கீழே விடும். அது விழுகிற இடமெல்லாம் கரும்பூஞ்சணம் படரும். நாங்கள் காண்கிற கறுத்த ஓலை அதுதான். வெயில் படாத இலை உணவு சமைக்காது. மரம் சாகாது, ஆனால் இளைக்கும், காய்ப்புக் குறையும்.

தென்னையைப் பிடிக்கிற வெள்ளை ஈ ஒரு இனம் இல்லை, பல. அவற்றில் பேர்போன ஒன்று மத்திய அமெரிக்காவுக்கு உரியது. 2004 இல் பெலீஸ் நாட்டுத் தென்னையிலிருந்து எடுத்துத்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். 2009 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டார்கள். 2016 இல் பொள்ளாச்சியில். பன்னிரண்டு வருஷத்துக்குள் பாதி உலகம். இறக்கையால் பறந்து வந்த தூரம் இல்லை அது. மனிசர் காவித் திரிகிற கன்றிலும் இலையிலும் ஒட்டி வந்த தூரம்.

வந்தேறிப் பூச்சிகள் ஏன் இப்படிப் பெருகுகின்றன? சொந்த ஊரில் அதைத் தின்னவும், அதன் உடம்புக்குள் முட்டை இடவும் வேறு பூச்சிகள் இருக்கும். வந்த இடத்தில் அவை இல்லை. எதிரியை விட்டுவிட்டு வந்த பூச்சிக்கு எங்கட ஊர் திறந்துவிட்ட களஞ்சியம். பிரச்சினையின் வேர் இதுதான் என்றால், தீர்வும் இங்கேதான் தொடங்க வேண்டும்.

நஞ்சு ஏன் தோற்கும்

முதலாவது, வெள்ளை ஈயின் குஞ்சுகள் இலையின் அடியில், மெழுகுப் போர்வைக்குள் கிடக்கின்றன. மேலால் அடிக்கிற நஞ்சு அங்கே ஒழுங்காகச் சேராது. தென்னையின் உயரத்துக்கு முதுகில காவுற மருந்து ராங்கியால அடிச்சால் என்ன நடக்கும்? பாதி காற்றில். மீதி கிணத்தடியில், குசினிக் கூரையில், கொடியில காயிற உடுப்பில். எங்கட வளவுகளில் தென்னையும் கிணறும் ஒன்றையொன்று பார்த்தபடிதானே நிற்கின்றன.

இரண்டாவது, நஞ்சு ஆளைப் பார்த்துக் கொல்லாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை இடுகிற ஒரு சின்னக் குளவி உண்டு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. பொறிவண்டும் இன்னும் சில பூச்சிகளும் குஞ்சைத் தின்னும். இவை மெழுகுக்குள் ஒளிக்கிறதில்லை, வெளியில் திரிகின்றன. நஞ்சு பட்டால் முதலில் சாகிறது இவைதான். மூன்று கிழமையால் வெள்ளை ஈ திரும்பி வரும், தடுக்க ஆள் இல்லாத ஊருக்கு.

இது ஊகம் இல்லை. கலிபோர்னியாவின் தோடை மரங்களை 1880 களில் ஒரு வந்தேறிச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888 இல் அதன் தாய்நாடான ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பி, அங்கே அதைத் தின்கிற ஒரு பொறிவண்டைக் கொண்டுவந்தார்கள். சில நூறு வண்டுகள். இரண்டு வருஷத்துக்குள் தோட்டங்கள் மீண்டன. 1940 களில் டிடிடி வந்ததும் அதே தோட்டங்களில் அடித்தார்கள். வண்டு செத்தது, செதில்பூச்சி திரும்பி வந்தது.

"அது அமெரிக்கா" எண்டு சொல்லுறவைக்கு எங்கட மலையகக் கதை. தேயிலையை அழித்த இலைச்சுருட்டிப் புழுவுக்கு 1935-36 இல் ஜாவாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு அடங்கியது. பிறகு தேயிலைக் கொப்பைத் துளைக்கிற வண்டுக்காக டீல்ட்ரின் என்ற நஞ்சை அடித்தபோது குளவி செத்தது. அடங்கியிருந்த புழு மறுபடி தலைதூக்கியது. இதே தீவில், இதே பாடம்.

நஞ்சு எங்கே போகும்

வேற இடத்தில் நஞ்சடிக்கிறது ஒரு பிழை. சுன்னாகத்தில் அடிக்கிறது இரண்டு பிழை. எங்களுக்கு ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடி மாரியோடு முடிகிறது. குடிக்க, குளிக்க, இறைக்க எல்லாவற்றுக்கும் நிலத்தடி நீர். மேலே கொஞ்சச் செம்பாட்டு மண், கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக் கல். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவைக்கு இந்தக் கல் எப்படிப்பட்டது எண்டு விளங்கும். மேலே ஊற்றுகிறது கீழே போக இங்கே அதிக நேரம் எடுக்காது. பசளையின் நைத்திரேற்று எங்கட கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நிற்கிறது எண்டு பல வருஷமாக ஆய்வுகள் சொல்லுகின்றன. உப்பும் உரமும் போன வழியால நஞ்சு மட்டும் போகாதா?

இந்த ஊருக்கு அதைச் சொல்லிக் குடுக்கவும் தேவையில்லை. சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை இங்க ஆருக்கும் மறக்காது. அனல் மின் நிலையக் கழிவு எண்ணெய் தொடர்பான வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும். அது 500 பேர் வரைக்கும், ஆளுக்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல் பகிரப்பட வேண்டும். ஒரு கிணற்றின் விலை அவ்வளவுதான். காசு வரும், தண்ணி வராது. எண்ணெய் எண்டால் மிதக்கும், மணக்கும், கண்ணுக்குத் தெரியும். பூச்சிக்கொல்லிக்கு நிறமும் இல்லை. கம்பனி நஞ்சூற்றினால் வீதிக்கு இறங்கிய நாங்கள், அதே கிணத்தடியில நாங்களே ஊற்றினால் அதுக்குப் பெயர் மருந்தோ?

"அப்ப சும்மா இருக்கச் சொல்லுறீங்களோ?"

இல்லை. இந்தக் கேள்வி நியாயமானது. 2024 கடைசியிலும் 2025 இலும் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு வறட்சி, குரங்கு என்று வேறு காரணங்களும் இருந்தன. எல்லாப் பழியையும் வெள்ளை ஈயில் போட ஏலாது. ஆனால் தேங்காய்ப்பூவும் பாலும் இல்லாமல் சமைக்கத் தெரியாத ஊரில் ஓலை கறுக்கிறது ஏழை வீட்டு உலையில்தான் முதலில் தெரியும்.

2021 இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையையும் நாசினிகளையும் தடைசெய்து, நவம்பரில் பின்வாங்கிய கூத்தையும் யாரும் இங்கே திரும்பக் கேட்கவில்லை. வெங்காயத்தையும் மிளகாயையும் நம்பிச் சீவிக்கிற தோட்டக்காரரின் சங்கடம் வேறு. அதைப் பற்றி வேறாகக் கதைக்க வேணும். இங்கே பேச்சு வளவு மரங்களைப் பற்றியது.

பொள்ளாச்சியில் வெள்ளை ஈ வந்தபோது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெங்களூரில் உள்ள பூச்சி ஆராய்ச்சி நிறுவனமும் சொன்ன முக்கியமான புத்தி, கண்டபடி பூச்சிக்கொல்லி அடிக்காதே என்பதுதான். ஏனென்றால் வெள்ளை ஈயைத் தேடி வருகிற குளவி அங்கே ஏற்கனவே வந்திருந்தது. அதன் அறிவியல் பெயர் என்கார்சியா குவாடலூப்பே. அதைப் பிழைக்க விட்டால் அது வேலையைப் பார்க்கும். கூடவே ஓலையின் அடிப்பக்கம் படத் தண்ணியை வேகமாக அடிச்சுக் கழுவுகிறது, விளக்கெண்ணெய் பூசின மஞ்சள் தாள்களைக் கட்டுகிறது, பூஞ்சணத்துக்கு மாப்பசைத் தண்ணி தெளிக்கிறது, மிஞ்சினால் வேப்பெண்ணெய்.

பப்பாசி மாப்பூச்சியை நினைத்துப் பாருங்கோ. அதுவும் மெக்சிக்கோப் பக்கத்து வந்தேறி. 2008 இல் கம்பஹா, கொழும்புப் பக்கத்திலும் அதே வருஷம் கோயம்புத்தூரிலும் கண்டார்கள். பப்பாசி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் பஞ்சு போர்த்தின மாதிரி வெளுத்தன. அடித்த நஞ்செல்லாம் வீண். பிறகு அதன் தாய்நாட்டுக் குளவியை இலங்கை 2009 இலும் இந்தியா 2010 இலும் கொண்டுவந்து விட்டன. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. இண்டைக்கு நீங்கள் தின்கிற பப்பாசியில் அந்தக் குளவிக்கும் ஒரு பங்கு உண்டு.

"வெளியில இருந்து பூச்சி கொண்டுவந்து விட்டு அதுவும் பெருகினால்?" எண்டு கேட்கலாம். கேட்க வேணும். ஆஸ்திரேலியா 1935 இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் எண்டு தேரையைக் கொண்டுவந்து விட்டு இன்றுவரை அவதிப்படுகிறது. தேரை கண்டதையும் தின்னும், தவறு அதில்தான். இந்தக் குளவிகள் ஒரு சில பூச்சியைத் தவிர வேறெதிலும் முட்டையிடாதவை, விடுவதற்கு முன் சோதிக்கப்பட்டவை. ஆராய்ச்சியாளர் செய்கிற வேலை அது; நாங்கள் போத்தலில் அடைச்சுக்கொண்டு வாற விஷயம் இல்லை.

செய்ய வேண்டியது

குளவிக்கு வேலியும் தெரியாது, உறுதியும் தெரியாது. வெள்ளை ஈக்கும் அப்படித்தான். நீங்கள் கழுவி, பக்கத்து வளவுக்காரர் நஞ்சடிச்சு, அதுக்கு அடுத்த வளவு பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்தால் ஒண்டும் நடக்காது. யாழ்ப்பாணத்தில் ஆள் இல்லாத வளவுகள் எத்தனை எண்டு உங்களுக்குத் தெரியும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: காணி விலை விசாரிக்கிற அதே தொலைபேசியில், மரத்தைக் கழுவ வாற பிள்ளைகளுக்குப் படலையைத் திறந்துவிடச் சொல்லுங்கோ.

ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கு. கிரிக்கெட்டுக்கும் ஆண்டு விழாவுக்கும் இளையவர்கள் சேருகிறோம். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிஷம் குரங்கு எண்ணினார்கள், சிரிச்சோம். வெள்ளை ஈ பிடித்த மரத்தை எங்கட கிராம அலுவலர் பிரிவில் நாங்களே எண்ணினால் என்ன? எந்த வளவு, எத்தனை மரம், ஓலையின் அடியில் கறுத்த குஞ்சுகள் இருக்கா? அதைக் கட்டாயம் பாருங்கோ: குளவி முட்டையிட்ட குஞ்சு கறுக்கும், குளவி வெளியேறினால் வட்ட ஓட்டை இருக்கும். அப்படி இருக்கிற மரத்தில் கையே வைக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கோடு விவசாயப் போதனாசிரியரிடமும் வலிகாமம் தெற்கு பிரதேச சபையிடமும் போனால் எங்கட கையில் முறைப்பாடு மட்டும் இல்லை, தகவலும் இருக்கும். தண்ணி அடிக்கிற இயந்திரத்தை வீட்டுக்கு வீடு வாங்க ஏலாது. பிரதேச சபையிடம் கேட்கலாம்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கு, திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கு. வடக்கில் எந்த வெள்ளை ஈ, எந்தக் குளவி, எங்கே விடலாம் என்ற முடிவுகளைத் தமிழில் மக்களுக்குச் சொல்லுங்கோ. ஒரு நாள் பதாகையும் படமும் வேண்டாம். ஒரு பருவம் முழுக்கக் குளவி வளர்த்து விடுங்கோ.

கடைசியாக, கதவு. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 2019 ஒக்டோபரில் பலாலியில் சர்வதேச விமானம் இறங்கத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. இரண்டும் நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்டவை, நல்லது. ஆனால் பெட்டிக்குள் ஒளிச்சு வாற ஒரு குரோட்டன் கன்று, ஒரு கொய்யாத் தடி போதும், அடுத்த பூச்சி இறங்க. அங்கே சோதிக்க ஆள் போடச் சொல்லுவோம். நாங்களும் கொண்டுவராமல் இருப்போம்.

அதுவரைக்கும், அடுத்த முறை ஆராவது "தென்னைக்கு என்ன மருந்து?" எண்டு கேட்டால், "நஞ்சைக் கேட்கிறீங்களோ?" எண்டு திருப்பிக் கேளுங்கோ. பேந்து அவையையும் கூட்டிக்கொண்டு போய் ஓலையைத் திருப்பிக் காட்டுங்கோ.